ஊட்டியை பாயின்ட் பாயின்ட்டா பார்த்தது போதும் பாஸ்!

'ஊட்டிக்குப் போயிருக்கீங்களா?'னு கேட்டா, இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் கையைத் தூக்குவீங்க. 'என்ன பார்த்தீங்க?'னு கேட்டா, மொத்தப் பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வீங்க. பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா. திரும்பி வரும்போது கையில ஒரு பாக்கெட் வர்க்கி, கால் கிலோ சாக்லேட், ஒரு பாட்டில் தைலம். கரெக்ட்டா?

சிரிக்காதீங்க... நானும் அதே கேஸ்தான். இத்தனைக்கும் எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். எங்க வீட்டு மொட்டை மாடியில ஏறி நின்னா நீலகிரி மலை எதிர்ல நிக்கும். ஸ்கூல் டூர்ல நாலு தடவை, வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களுக்கு 'கைடு' வேலை பார்த்து ஒரு ஆறு தடவைனு ஊட்டிக்குப் போயிருக்கேன். பத்து தடவை போயும் அந்த ஊர்ல ஒரு ஆள்கிட்டகூட பேசினது இல்லைங்கிறது, பதினொண்ணாவது தடவை போனப்போதான் உறைச்சது!

எல்லாம் காலேஜ் கேன்டீன்ல ஆரம்பிச்ச ஒரு பெட்டால வந்தது. எங்க கேங்ல மூணு பேர். நான் இ.சி.இ. மத்த ரெண்டு பேரையும் டிபார்ட்மென்ட் பேராலதான் கூப்பிடுவோம். ஒருத்தன் மெக்கானிக்கல், இன்னொருத்தன் சிவில். 'ஊட்டியில எத்தனை பாஷை பேசறாங்க, சொல்லு பார்ப்போம்'னான் சிவில். 'தமிழு, இங்கிலீசு. சீஸன்ல இந்தி'ன்னேன் நான், அடிவாரத்துக்காரன்ங்கிற கெத்துல. 'பத்துக்கு மேல இருக்கும்டா. ரெண்டு நாள் சுத்தி, பத்து பாஷையை நம்ம காதால கேட்டுட்டா, நீங்க ரெண்டு பேரும் எனக்கு பிரியாணி. கேட்கலைனா உங்களுக்கு நான் பிரியாணி.'

பிரியாணினு வந்துட்டா இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் பின்வாங்குவானா? ஒரு சனிக்கிழமை காலையில கிளம்பிட்டோம்.

பஸ்ஸுலயே ஸ்கோர் ஓபன்!

மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கலை (நாலு நாளைக்கு முன்னாடி ட்ரை பண்ணினா எப்படிக் கிடைக்கும்?). அதனால மேட்டுப்பாளையத்துல கவர்ன்மென்ட் பஸ். கல்லாறு தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவுல ஏறும்போதே பின் சீட்டுல இருந்து ஒரு பேச்சு. வெள்ளை வேட்டி மாதிரி ஒரு துணியைச் சுத்தி, தலையில வெள்ளைத் துணி கட்டிய ஓர் அம்மா, பக்கத்துல சேலை கட்டிய இன்னோர் அக்கா. நம்ம மெக்கானிக்கல் ஓசூர்க்காரன், கன்னடம் தெரியும். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தான். 'கன்னடம் மாதிரியே இருக்கு... ஆனா கன்னடம் இல்லடா. பாதி புரியுது, மீதி நழுவுது'னு முழிச்சான்.

அதுதான் படுகர்களோட பாஷை. நீலகிரியில பெரிய சமூகங்கள்ல ஒண்ணு படுகர்கள். பல நூற்றாண்டுக்கு முன்னாடி மைசூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தவங்க. 'படுக'ன்னா வடக்கு, வடக்கேயிருந்து வந்ததால படுகர். ரொம்ப நாள் அதைக் கன்னடத்தோட ஒரு கிளைனுதான் சொல்லிட்டு இருந்தாங்க. இப்போ தனி மொழினு மொழியியல்காரங்க சொல்றாங்க. எழுத்து இல்லை. ஆனா பாட்டு, கதை, கல்யாணம், சண்டை எல்லாமே அதுலதான். நடிகை சாய் பல்லவி படிச்சு வளர்ந்தது கோவைன்னாலும், அவங்க கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் வீட்டுப் பொண்ணுனு சொன்னா, உங்களுக்குச் சட்டுனு ஞாபகம் நிக்கும்ல?

'எந்தூருப்பா?'னு அந்த அக்காவே கேட்டாங்க. மேட்டுப்பாளையம்னதும் முகம் மலர்ந்துடுச்சு. 'நம்ம உருளைக்கிழங்கு வர்ற ஊருப்பா!' மண்டிக்கு நீலகிரி உருளைக்கிழங்கு லாரி லாரியா வர்றதைச் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். அதைத் தோண்டி எடுக்கிறவங்க பக்கத்துல உக்காந்தது இதுதான் முதல் தடவை. பத்து நிமிஷத்துல பஸ்ஸே சொந்தமாயிடுச்சு. 'நாளைக்குச் சும்மாதானே இருப்பீங்க? கேத்தியில நம்ம ஹட்டிக்கு வந்து சாப்பிட்டுப் போங்க'ன்னு சொல்லி, நம்பரும் கொடுத்துட்டு இறங்கினாங்க.

ஸ்கோர்: தமிழ் 1, படுகு 2. பஸ் டிரைவர், எதிர்ல வந்த மைசூர் வண்டி டிரைவர்கிட்ட ஜன்னல் வழியா கன்னடத்துல வழி பேசினார். 3.

ஸ்வெட்டர் கடை அக்கா

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுமே பல்லு டைப் அடிக்க ஆரம்பிச்சது. மார்க்கெட்டுக்குள்ள புகுந்தோம். டூரிஸ்ட்டுங்க எட்டிப் பார்க்காத இடம் அது. ஆனா பெட்டு ஜெயிக்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. கறிக்கடை வரிசையில உருது. பேக்கரி கல்லாவுல மலையாளம். அடகுக்கடை வாசல்ல ரெண்டு பெரியவங்க மார்வாடியில கணக்குப் பேசிட்டு இருந்தாங்க. அரை மணி நேரத்துல ஸ்கோர் 6!

அடுத்து, பொட்டானிக்கல் கார்டன் போற வழியில இருக்கிற திபெத்தியன் மார்க்கெட். வரிசையா ஸ்வெட்டர், ஜெர்கின், குல்லா. நீங்களும் அங்கே பேரம் பேசி வாங்கியிருப்பீங்க. நான் வாங்கினது மூணு ஸ்வெட்டர். ஆனா விக்கிறவங்க யாருன்னு ஒரு தடவைகூட யோசிச்சது இல்லை. கடையில இருந்த அக்கா தமிழ்ல சரளமா 'நானூறு ரூபா சொல்லு, முன்னூத்தம்பதுக்குக் குடுக்கிறேன் தம்பி'ன்னாங்க. போன்ல அவங்க பொண்ணுகிட்ட பேசினது திபெத்திய மொழி. (7!)

'சொந்த ஊர் திபெத்தாக்கா?'ன்னு கேட்டேன். 'எங்கம்மாவுக்குச் சொந்த ஊர் திபெத். நான் பிறந்தது கர்நாடகாவுல, பைலகுப்பே. திபெத்தை நான் பார்த்ததே இல்லை தம்பி.' 1959-ல தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததுக்கு அப்புறம் பின்னாலேயே ஆயிரக்கணக்கானவங்க வந்தாங்க. அவங்களுக்கு நிலம் கொடுத்த மாநிலங்கள்ல கர்நாடகா முக்கியமானது. 'பார்க்காத ஊரை எப்படிக்கா சொந்த ஊருங்கறீங்க?'னு மெக்கானிக்கல் கேட்டுட்டான். அக்கா கோபப்படலை. ஒரு குல்லாவை மடிச்சுக்கிட்டே, 'பாஷை இருக்கே'ன்னாங்க. அவ்வளவுதான் பதில்.

'அண்ணா, அது எங்க பாட்டி!'

இனிமேதான் நான் வெட்கப்பட்டுச் சொல்லவேண்டிய பகுதி.

பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே ஏறிப் போனா, தோடர்களோட மந்து ஒண்ணு இருக்கு. மந்துன்னா தோடர் ஊர். 'ஒத்தக்கல் மந்து'தான் வாய் மாறி மாறி உதகமண்டலம் ஆச்சுனு சொல்வாங்க. அதாவது 'ஊட்டி'ங்கிற பேரே அவங்க வீட்டு அட்ரஸ்தான்! 1848-ல கார்டன் போட ஆரம்பிச்சாங்க. மந்து அதுக்கும் ரொம்ப முந்தினது.

மேலே போனதும் நாங்க தேடினது, பாடப் புஸ்தகத்துல பார்த்த அந்தக் குடிசை. பீப்பாயைப் பாதியா வெட்டிக் கவுத்து வச்ச மாதிரி, தவழ்ந்து போற அளவுக்குக் குட்டி வாசலோட. இருந்தது சாதாரண ஓட்டு வீடு, கான்க்ரீட் வீடு. 'ப்ச்... செம ஏமாற்றம்டா'ன்னு நான் சத்தமாவே சொன்னேன். அப்போ ஒரு வீட்டு வாசல்ல வயசான பாட்டி ஒருத்தங்க. வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா பூ வேலை செஞ்ச போர்வையைப் போத்திக்கிட்டு வெயில் காய்ஞ்சுட்டு இருந்தாங்க. 'இது போதும்'னு நான் செல்போனை எடுத்து க்ளிக், க்ளிக், க்ளிக். பக்கத்துல போய்க் குனிஞ்சு ஒரு செல்ஃபியும் எடுத்தாச்சு. பாட்டி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போய் இன்னொண்ணு எடுத்தேன்!

உள்ளேயிருந்து ஒரு பொண்ணு வெளியே வந்தாங்க. சுடிதார், காதுல இயர்போன், கையில ரெக்கார்டு நோட்டு. எங்க வயசுதான் இருக்கும்.

'அண்ணா, உங்க வீடு எங்கே?'

'மேட்டுப்பாளையம்...'

'உங்க பாட்டி வாசல்ல உக்காந்திருக்காங்க. முன்னப் பின்ன தெரியாத மூணு பேர் கேட் திறந்து வந்து, ஒரு வார்த்தை பேசாம, மூஞ்சிக்கு முன்னால போனை நீட்டறாங்க. என்ன பண்ணுவீங்க?'

எனக்கு எங்க அம்மிச்சி முகம் வந்துச்சு. சுருக்குன்னு இருந்தது. தொண்டையில வார்த்தை வரலை. 'ஸாரிங்க'னு சொல்லி, அவங்க கண்ணு முன்னாடியே எல்லா போட்டோவையும் அழிச்சேன். திரும்பிப் போயிடலாம்னு பார்த்தா, அந்தப் பொண்ணு விடலை. 'பேசத் தெரிஞ்சவங்கதானே... பேசிட்டுப் போங்க!'ன்னாங்க. சுவர் மேல உக்காந்து முக்கால் மணி நேரம் பேசினோம். அவங்க பி.காம். ரெண்டாம் வருஷம். அரியர் எதுவும் இல்லையாம். (எங்க மூணு பேருக்கும் சேர்த்து நாலு.)

'வர்ற எல்லாருமே குடிசை எங்கேனுதான்ணா கேட்கறாங்க. நீங்க ஓட்டு வீட்டை விட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போனா, அது முன்னேற்றம். நாங்க குளிரடிக்காத வீடு கட்டினா, 'ஐயோ கலாசாரம் போச்சே'! நாங்க என்ன கார்டனோட சேர்த்து வச்ச செடியா?'

பதில் சொல்லத் தெரிஞ்சவங்க சொல்லலாம் பாஸ்... எனக்குத் தெரியலை.

அப்புறம் அவங்க காட்டினதுதான் எனக்கு ஷாக். பாட்டி போத்தியிருந்தது 'பூத்குளி'. அந்தப் பூ வேலைக்கு டிசைன் வரையறது கிடையாது, ட்ரேஸ் எடுக்கிறதும் கிடையாது. துணியோட இழையை ஒண்ணு, ரெண்டுனு எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுவாங்களாம். ஒரு இழை தப்பினா டிசைனே சாய்ஞ்சுடும். நாம கிராஃப் ஷீட்டுல பென்சிலும் ஸ்கேலும் வச்சு வரையறதை, பாட்டி மனசுலயே பிக்ஸல் பிக்ஸலா போடறாங்க! தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

'தோடர்'னு நாமதான் சொல்றோம். அவங்க தங்களைச் சொல்லிக்கிற பேர் 'ஓள்'. 'ஆள்'ங்கிற நம்ம சொல்லோட கூடப்பிறந்த சொல்! எருமைக்கு அவங்க சொல்றது 'இர்'. சொல்லிப் பாருங்க... சொந்தம் தெரியுதா? தமிழ், மலையாளம், கன்னடம் மாதிரி அதுவும் திராவிட மொழி. நம்மகிட்ட ர, ற ரெண்டுதான். அவங்ககிட்ட நாக்கு உருட்டுற 'ர' மட்டுமே மூணு வகை. அந்தப் பொண்ணு மூணையும் சொல்லிக் காட்டினாங்க. எங்க காதுக்கு மூணும் ஒண்ணாத்தான் கேட்டது. பாட்டி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

ஹாஸ்டலுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ரிவர்ஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் தோடர்களைப் பத்தி ஒரு பெரிய புஸ்தகமே எழுதினது 1906-ல. எமனோங்கிற மொழியியல் அறிஞர் 1930-கள்ல இங்கே வந்து தங்கி அவங்க மொழியைக் குறிச்சுக்கிட்டுப் போய், 1984-ல இலக்கணமே வெளியிட்டிருக்கார். உலகமே தேடி வந்து பேசின ஒரு சமூகம். மொத்தமே ரெண்டாயிரம் பேர் அளவுதான் இருப்பாங்க. எங்க காலேஜ்லயே அதைவிட அதிகம். மலையடிவாரத்துல இருபது வருஷம் இருந்த எனக்கு அந்த மொழியில ஒரு வார்த்தை தெரியாது. ஸ்கோர் 8. ஆனா அதுக்கு அப்புறம் ஸ்கோர் எழுதற மூடே போயிடுச்சு.

கல் பங்களாவும் ஒரு ரூபாயும்

மந்துல இருந்து இறங்கி, கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போனோம். ஊட்டியோட முதல் ஐரோப்பிய வீடு அந்தக் கேம்பஸ்லதான் இருக்கு. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல மலையேறி வந்தார். 1822-ல இங்கே கட்ட ஆரம்பிச்ச வீடு 'ஸ்டோன் ஹவுஸ்'. ஊர்க்காரங்க வச்ச பேர் கல் பங்களா. தோடர்கள்கிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார்னு சொல்லப்படுது. அப்புறம் ஏரி வந்தது, சர்ச் வந்தது, கிளப் வந்தது. மெட்ராஸ் மாகாணத்துக்கே கோடைத் தலைநகரம் ஆச்சு.

நாம 'இயற்கை அழகு'ன்னு போட்டோ எடுக்கற தைல மரக் காடும் தேயிலைச் சரிவும் அதுக்கு அப்புறம் வந்ததுதான். அதுக்கு முன்னாடி இங்கே இருந்தது புல்வெளியும், பள்ளத்துல சோலைக் காடும். புல்வெளிதான் தோடர் எருமைக்குச் சோறு. 'மண்ணு மாறினா ஃபவுண்டேஷன் மாறும்டா'ன்னான் சிவில். அவன் சொன்ன ஒரே உருப்படியான சிவில் இன்ஜினீயரிங் தத்துவம் அது.

பிளேன் டீயா... பால் டீயா?

சாயங்காலம் குளிர் தாங்காம ஒரு பெட்டிக் கடையில ஒதுங்கினோம். எழுபது வயசுப் பெரியவர். 'பிளேன் டீயா, பால் டீயா தம்பி?'ன்னு கேட்டார். நம்ம ஊர்ல 'கட்டஞ்சாயா' இல்லைனா 'பிளாக் டீ'ம்போம். பிளேன் டீ? சிவில் உஷாராயிட்டான். 'ஐயா, நீங்க சிலோனா?'

அவ்வளவுதான். மனுஷன் ஸ்டவ்வைக் குறைச்சு வச்சுட்டு உக்காந்துட்டார். அவரோட பாட்டனார் காலத்துல புதுக்கோட்டைப் பக்கமிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாங்களாம். இவர் பிறந்தது அங்கே கண்டிச் சீமையில. 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், மூணு லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும்னு கணக்கு. அந்த 'கணக்கு'ல ஒருத்தரா, பையனா இருந்தப்போ தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கினவர் இவர். மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க.

'அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க தம்பி. இங்க வந்தா சிலோன்காரன்ங்கறாங்க. ரெண்டு பக்கமும் மாறாதது தேயிலைக் கொழுந்து ஒண்ணுதான். அதுக்கு மட்டும் எங்க கையை அடையாளம் தெரியும்!'

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நாங்க யாரும் சிரிக்கலை. டீக்குக் காசு வாங்கவும் மறுத்துட்டார். 'கதை கேட்ட பிள்ளைங்க... காசு வேணாம்.'

வெளியே வந்ததும் மெக்கானிக்கல், 'இவர் பேசறதைத் தனி பாஷைனு கணக்குல சேர்க்கலாமா?'ன்னான். சிவில் முறைச்சான். 'அது தமிழ்தான்டா. அதைத் தனியாப் பிரிச்சுத்தானே அவரை அங்கே இருந்து அனுப்பினாங்க...'

ஹட்டியில ஒரு ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் கேத்தி. 'மூன்றாம் பிறை' க்ளைமாக்ஸ்ல கமல் குரங்கு சேஷ்டை பண்ணி நம்மளை அழ வச்ச அந்த ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, அதே ஊர். கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் முட்டைகோஸும். பஸ்ல பார்த்த அக்கா, சொன்ன மாதிரியே ராகிக் களியும் அவரைக் குழம்பும் ரெடி பண்ணி வச்சிருந்தாங்க. படுகர் ஊருக்குப் பேர் ஹட்டி. வரிசையா ஒட்டின வீடுகள். தெரியாதவங்க வந்தாலும் 'சாப்பிட்டியா?'தான் முதல் கேள்வி.

அந்த வீட்டுத் தாத்தா சொன்ன கதைதான் ஹைலைட். அவரோட தாத்தா காலத்துல இந்த மலைமேல காசுக்கு வேலையே கம்மியாம். படுகர்கள் தானியம் விளைவிப்பாங்க. தோடர்கள் பாலும் நெய்யும் கொடுப்பாங்க. கோத்தர்கள் இரும்பு, மரம், மண்பானை எல்லாத்துக்கும். போதாததுக்கு ஊர்ச் சடங்குக்கு அவங்க இசைதான். குறும்பர்கள் காட்டுல இருந்து தேன் கொண்டுவருவாங்க. நாலு சமூகம், நாலு மொழி, ஒருத்தர் இல்லாம ஒருத்தர் இல்லை. சந்தையும் ரோடும் பணமும் மேலே வர வர, அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுடுச்சு. 'எல்லாம் தேனாறும் பாலாறும்னு நினைச்சுடாதே. மேல, கீழங்கிற பேச்சும் இருந்தது. குறும்பர் மந்திரம் வச்சிடுவாங்கன்னு பயந்து அடிச்ச கதையும் இருக்கு'ன்னு தாத்தாவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

சாமி ரூம்ல படம் ஏதாவது இருக்கும்னு பார்த்தேன். 'எங்க சாமி ஹெத்தையம்மன்'ன்னாங்க அக்கா. 'ஹெத்தைன்னா?'

'பாட்டி.'

எனக்கு மறுபடியும் சுருக்குன்னுச்சு. நேத்து மந்துல ஒரு பாட்டியை நான் காட்சிப்பொருளாப் பார்த்தேன். இங்கே ஒரு மலையே பாட்டியைக் கும்பிடுது!

கேத்தி ஸ்டேஷன்ல மலை ரயிலைப் பிடிச்சுக் குன்னூர் வரைக்கும் வந்தோம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899-லயும், ஊட்டிக்கு 1908-லயும் வந்த பாதை. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு பட்டை ஓடும். இன்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் ஏறும். 'தியரியில பார்த்த ரேக் அண்ட் பினியன்டா!'ன்னு குன்னூர் ஸ்டேஷன்ல தரையோட தரையா குனிஞ்சு பார்த்துட்டு இருந்தான் மெக்கானிக்கல். பக்கத்துல ரெண்டு வெள்ளைக்காரங்க இங்கிலீஷ்ல அவனைப் பார்த்துச் சிரிச்சாங்க. சிவில் விரலை நீட்டினான். 'இங்கிலீஷ். ஒன்பது!'

பத்தாவதா கோத்தர் மொழியைக் கேட்டிருக்கணும். ஏழே ஊர்ல இருக்கிறவங்க. கோத்தகிரிங்கிற பேர்லயே அவங்க இருக்காங்க. ஆனா டைம் முடிஞ்சுது. ஒரே ஒரு பாஷையில சிவில் தோத்துட்டான். இருந்தாலும் பிரியாணி வாங்கிக் கொடுத்தது நானும் மெக்கானிக்கலும்தான். ஏன்னு கேட்காதீங்க... கொடுக்கணும்னு தோணுச்சு.

கிளம்பறீங்களா? ஒரு நிமிஷம்!

* சொந்த வண்டியில போனா இ-பாஸ் கட்டாயம்னு 2024 மே 7-ல இருந்து நடைமுறைக்கு வந்தது. கிளம்பும்போது விதி என்னன்னு ஒரு தடவை செக் பண்ணிக்குங்க. பஸ்ஸுல போனா அந்தத் தலைவலியும் இல்லை; பேச ஆளும் கிடைக்கும்.

* பிளாஸ்டிக் பாட்டில், கவர் எல்லாத்துக்கும் தடை. வீட்டுல இருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

* மார்க்கெட், டீக்கடை, பஸ் - இந்த மூணுலயும் காதைத் திறந்து வையுங்க. 'இது என்ன பாஷைங்க?'ன்னு கேட்டா யாருமே கோவிச்சுக்கலை. சந்தோஷப்பட்டாங்க.

* மந்து, ஹட்டி, கோத்தர் ஊர் எல்லாம் ஜனங்க குடியிருக்கிற தெரு. கோயில் பக்கம் போகறதுக்கு முன்னாடி கேளுங்க. சில இடத்துக்கு வெளியாளுக்கு அனுமதி கிடையாது. அது அவங்க வழக்கம்.

* தோடர் எம்ப்ராய்டரி வாங்கறதா இருந்தா, முடிஞ்சா தைக்கிறவங்ககிட்டயே வாங்குங்க. பேரம் பேசும்போது அந்த இழைகளைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க.

* போட்டோவுக்கு முன்னாடி பேர். பேர் கேட்ட பிறகு அனுமதி. இவ்வளவுதான் ரூல்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம் வந்து இறங்கினேன். அவங்க ரெண்டு பேரும் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிட்டாங்க. வீட்டுத் திண்ணையில அம்மிச்சி, எனக்காகச் சாப்பிடாம உக்காந்திருந்தது. என் போன்ல ஆயிரத்து எண்ணூறு போட்டோ இருக்கு. அதுல அம்மிச்சி இருக்கிறது எத்தனைன்னு பார்த்தேன். யாரோ கல்யாணத்துல, பின்னாடி வரிசையில, பாதி முகம். ஒண்ணே ஒண்ணு.

'அம்மிச்சி... ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?'

அது என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. அப்புறம் தலைமுடியை ஒதுக்கிக்கிட்டு எந்திரிச்சது.

'இரு கண்ணு... நல்ல சீலையாக் கட்டிட்டு வந்துடறேன்!'